பூக் கேட்டு நடத்துன கம்பெனி

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், நாய் ஒண்ணும் பண்ணாது. உக்காருங்க. ஏ சுலோச்சனா, முத்தூர்ல இருந்து தம்பி வந்துட்டாப்பல, ரெண்டு காப்பி போடு. எனக்குச் சக்கரை தூக்கலாவே போடு, இன்னிக்கு ஒரு நாளைக்கு.

நவநீதன்தானுங்களே பேரு? வாத்தியார் பையன். போன்ல சொன்னீங்க. மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலைய விட்டுப்போட்டு, ஊருல இளநீரைப் பாட்டில்ல அடைச்சு விக்கற கம்பெனி ஆரம்பிக்கறீங்க. பிரைவேட் லிமிடெட். நீங்க ஒருத்தரு, உங்க கூட்டாளி ஒருத்தரு. மூணாவதா ஒரு டைரக்டர் வேணும், நாலு பேருக்குத் தெரிஞ்ச பெரிய மனுசனா, கம்பெனி நடத்தி அனுபவப்பட்டவரா. என்னைக் கேக்கோணும்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க, அதுலயே தெரியுது, உங்க கம்பெனி நல்லா வரும்.

நான் சரின்னு இப்பவே சொல்லிப் போடலாம். காலையில எந்திரிச்சதுல இருந்து வாசல்லயேதான் இருக்கறன், சுலோச்சனா நக்கல் பண்ணிட்டே இருக்கறா. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா? நீங்களும் ஒரு ஆளைச் சேத்தறப்ப அவன் எப்படின்னு விசாரிக்கோணும். வெளியில விசாரிச்சா எம்பட தங்கச்சி பக்கத்துக் கதையத்தான் சொல்லுவாங்க. அதனால நானே சொல்லிப் போடறன். கேட்டுக்குங்க. டைரக்டர்னா எப்படி இருக்கோணும்னு உங்களுக்கும் ஒரு பாடமாட்ட இருக்கும்.

எங்க அப்பாரு ரைஸ் மில்லு வெச்சிருந்தாரு, தெரியுமில்ல, காங்கயம் ரோட்டுல. அவரு காலமானப்ப மூணு பங்கு. நானு, எனக்கு எளையவன் தங்கமுத்து, கடைசியா கோகிலாமணி. பொண்ணுக்கு என்னத்துக்கு மில்லுல பங்குன்னு தங்கமுத்து லேசா இழுத்தான். அப்பாரு உயில்ல தெளிவா எழுதிட்டாரு, ஒண்ணும் பண்ண முடியலை. சரி, அவ வெள்ளகோயல்ல கட்டிக் குடுத்த வூட்டுல இருக்கறா, ஒரு கையெழுத்துத்தானே, டிரைவர்கிட்டக் குடுத்து வுட்டா போட்டுக் குடுத்துருவான்னு நெனைச்சோம். அங்கதாங்க தப்பு நடந்துச்சு. அதுக்கு அப்பறம் வாறன்.

ஆடிட்டர் வரதராஜன்தான் கம்பெனியாப் பதிவு பண்ணச் சொன்னது. "மில்லு முழுகினாலும் உங்க வூடு முழுகாதுங்க, அது வேற, இது வேற"ன்னாரு. அதைக் கேட்டு எனக்கு உச்சி குளுந்து போச்சு. அப்பறம் எங்க மூணு பேரையும் உக்கார வெச்சு, டைரக்டரோட கடமைன்னு ஒண்ணைப் படிச்சாரு பாருங்க. கம்பெனி நன்மைக்குத்தான் வேலை செய்யோணும், சொந்த லாபம் பாக்கப்படாது, எதையும் விசாரிச்சுத்தான் முடிவெடுக்கோணும், சொந்தப் புத்திய உபயோகிக்கோணும், அக்கறை, சாக்கரதை, அப்படீன்னு என்னென்னமோ. கல்யாணத்துல ஐயரு மந்திரம் சொல்றாப்பல இருந்துச்சு. மந்திரம் ஆருக்குங்க புரியுது? தலைய ஆட்டிட்டுத் தாலியக் கட்டறமில்ல? நானும் ஆட்டினேன், தங்கமுத்தும் ஆட்டினான்.

கோகிலாமணி மட்டும், "ஆடிட்டரு, அந்த நாலாவதை இன்னொருக்காப் படிங்க"ன்னா.

அப்பவே நான் உசாரா இருந்திருக்கோணும்.

அவரு படிச்சு முடிச்சு, கடைசியா என்னையப் பாத்துச் சொன்னாரு: "சேர்மன் சார், கம்பெனிங்கறது உங்க சொத்துக்கு வேலி. ஆனா நீங்க பண்ற தப்புக்கு வேலி கெடையாதுங்க." இவருக்கு எப்பவும் இப்படி ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தான் பேச்சை முடிக்கோணும். சேர்மன் சார்னு கூப்பிட்டாரில்ல, அது மட்டுந்தான் எனக்குக் காதுல விழுந்துச்சு. நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லப்படாது.

அதுக்கப்பறம் நான் சேர்மனா இருந்த காலம் இருக்குதே, ஒரு சண்டை சச்சரவு கெடையாது. ஏன்னு கேளுங்க. நான் எதுலயும் தலையிட மாட்டேன். தங்கமுத்து காகிதத்தைக் கொண்டாருவான், எங்க போடோணும்னு கேப்பேன், காட்டுவான், போடுவேன். என்ன ஏதுன்னு கேட்டதில்லை. தம்பிய நம்பாம வேற ஆரை நம்பறது? இன்னிக்கு வரைக்கும் ஒரு காகிதத்தை நான் முழுசாப் படிச்சது இல்லைங்க. அவ்வளவு நம்பிக்கை. இந்தக் காலத்துல இப்படி ஒரு சேர்மன் உங்களுக்குக் கெடைப்பாரா?

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க.

சரி, போர்டு மீட்டிங்கு எங்க நடக்கும்னு கேளுங்க. எங்க குலசாமி கோயல்லங்க. நீங்க மெட்ராசுலயே இருந்துட்டீங்க, பூக் கேக்கறது பாத்திருக்க மாட்டீங்க. கல்யாணமோ, கெணறு வெட்டறதோ, எதுனாலும் ஆத்தாளைக் கேட்டுட்டுத்தான் எங்க வகையறாவுல செய்யறது. வெள்ளைப் பூவை ஒரு எலையில மடிச்சுக் கட்டறது, செவ்வரளிய இன்னொரு எலையில. ரெண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்கும். ஆத்தா காலடியில போட்டுக் கும்பிடுவோம். பூசாரி கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுப்பாரு. வெள்ளை வந்தா செய்யலாம். செவப்பு வந்தா வேண்டாம். அவ்வளவுதான்.

தங்கமுத்துதான் சொன்னான், "அண்ணா, நம்ம ரெண்டு பேரு புத்தியில என்ன இருக்குது, கம்பெனி முடிவையெல்லாம் ஆத்தாகிட்டயே கேட்டுப் போடலாம்"னு. அவன் அப்படிப்பட்ட பக்திமான். மாடு கன்னு போடோணும்னாலும் மொதல்ல கற்பூரத்தைத் தேடுவான். சரின்னு ஒவ்வொரு அமாவாசைக்கும் கோயல்ல மீட்டிங்கு. புதுசா லாரி வாங்கலாமா, பூக் கேளு. உமி எரிக்கற பாய்லரை மாத்தலாமா, பூக் கேளு. பொங்கல் வெச்சுச் சாப்புட்டுட்டு வந்துருவோம். ஆடிட்டரு அதைத்தான், "இயக்குநர்கள் தீர விவாதித்து முடிவு செய்தனர்"னு மினிட்ஸ்ல எழுதுவாரு. பாவம், அவருக்கும் பொங்கல் குடுப்போம்.

பொட்டலம் கட்டறது மட்டும் நானு. மூத்தவனில்ல. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அதுல ஒரு சமாசாரம் இருக்குது. செய்யலாம்னு எனக்கு மனசுல பட்டுச்சுன்னா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுருவனுங்க. வேண்டாம்னு பட்டா ரெண்டுலயும் செவப்பு. ஆத்தாளுக்கு எதுக்கு வீண் செரமம்? ஆத்தா மனசும் என் மனசும் ஒண்ணுதானுங்களே. இது தங்கமுத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா அவன் பக்தி கெட்டுப் போகும்.

ஒருக்கா ஒரு இன்சூரன்சுக்காரரு வந்தாரு. டைரக்டருங்களுக்குன்னே ஒரு பாலிசி இருக்குதாமா. கம்பெனிக்காக நாம எடுத்த முடிவு தப்பாப் போயி, ஆராச்சும் நம்ம மேல கேஸ் போட்டா, வக்கீல் செலவெல்லாம் அவங்க பாத்துக்குவாங்களாமா. "தெரிஞ்சே பண்ணுன தப்புக்கு மட்டும் கெடையாதுங்க"ன்னாரு. நான் சொன்னேன், "நாங்க எதையுமே தெரிஞ்சு பண்றதில்லைங்க"ன்னு. அந்த ஆளு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. எதுக்கு வீண் செலவுன்னு எனக்குப் பட்டுச்சு. அந்த அமாவாசைக்கு ஆத்தா செவப்புக் குடுத்துட்டா.

காப்பி எடுத்துக்குங்க. ஆறப் போகுது.

இப்ப தங்கச்சி கதைக்கு வாறன். நாங்க டிரைவர்கிட்டக் காகிதம் குடுத்து வுடறோம்ல, கையெழுத்தோட திரும்பி வரோணுமில்ல? வராது. பென்சில்ல ஓரத்துல எழுதி வரும். "இது என்ன?" "இதை ஆரு பாத்தது?" "இதுக்கு வேற வழி இல்லையா?" அப்படீன்னு. பள்ளிக்கூடத்துல நோட்டுத் திருத்தறாப்பல. எங்க அப்பன் மில்லுல எனக்கே மார்க்குப் போடறா! அப்பறம் அவளே டிவிஎஸ்ஸை முறுக்கிட்டு வந்து நிப்பா. நேரா ஆபீசுக்கு வர மாட்டா. நெல் ஊற வெக்கற தொட்டிக்கிட்டப் போவா, பாய்லர்க்காரன்கிட்டப் பேசுவா, கழிவுத் தண்ணி எங்க போவுதுன்னு பாப்பா. டைரக்டரா லட்சணமா ஏசி ரூமுல உக்காந்தாத்தானே? ஒரு நாளு தொட்டித் தண்ணியில கைய விட்டு மோந்து பாத்தா. நாலு வேலைக்காரனுங்க பாத்துட்டு இருக்கறானுங்க. எனக்கு மானம் போச்சு.

கோயல் மீட்டிங்குக்கு வந்தாலும் அடங்க மாட்டா. "அண்ணா, இந்தவாட்டி நான் பொட்டலம் கட்டட்டுமா?"ன்னு ஒருக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டா. பொம்பளைங்க கட்ற வழக்கம் இல்லைன்னு சொல்லிட்டேன். அவ என்னையவே பாத்துட்டு இருந்தா. சின்னப் புள்ளையிலயே அவ அப்படித்தான், சீட்டு ஆடறப்பக் கூட என் மூஞ்சியத்தான் பாப்பா.

ரைஸ் மில்லுல நெல்லை ஊற வெச்சு வேக வெக்கற தண்ணி இருக்குதே, அது நாத்தம் புடிச்ச தண்ணி. அதைச் சுத்தம் பண்ணித்தான் வெளிய விடோணும்னு சட்டம். அதுக்கு ஒரு பிளாண்ட்டு வெச்சிருந்தோம். ஒரு வைகாசி மாசம் அது கெட்டுப் போச்சு. சரி பண்றவன், பாகம் வரோணும், ஆடி ஆயிரும்னுட்டான். தங்கமுத்து தவிச்சுப் போயிட்டான். மில்லை நிறுத்தறதா, இல்லை அது வரைக்கும் தண்ணிய அப்படியே பின்னாடி ஓடையில விடறதா? ஓடை காஞ்சுதான் கெடக்குது, ஆரு பாக்கப் போறா?

நெல்லு வந்து குமிஞ்சு கெடக்குது. மில்லை நிறுத்தினா ஊருல என்ன பேசுவாங்க? என் பேரைச் சொல்லி, சென்னியப்பன் மில்லு படுத்துருச்சும்பாங்க. எனக்கு அதுதான் மனசுல உறுத்துச்சு. எங்க அப்பாரு காலத்துல ஒரு நாளு நின்னதில்லை அந்த மில்லு.

தண்ணிய ஓடையில விடலாமான்னு கேக்க அமாவாசைக்குக் கூடினோம். நான் பொட்டலம் கட்டினேன். பூசாரி எடுத்தாரு. வெள்ளை.

தங்கமுத்து கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆத்தாளே வழி விட்டுட்டான்னு வுழுந்து கும்புடறான். அப்பப் பின்னாடி இருந்து ஒரு குரல். "நான் வேண்டாம்ங்கறேன்."

ஆரு, நம்ம கோகிலாமணிதான்.

"என்ன கண்ணு, ஆத்தா குடுத்தாச்சு"ன்னேன்.

"ஆத்தா குடுக்கட்டும் அண்ணா. நான் வேண்டாம்ங்கறேன். ஓடைக்கு அந்தாண்டை கிட்டுசாமி கெணறு இருக்குது. இந்தத் தண்ணி அதுல எறங்கும். மில்லை நிறுத்துங்க. இல்லைன்னா சுத்தம் பண்ண வேற ஏற்பாடு பண்ணுங்க. எதுவும் முடியாதுன்னா, நான் வேண்டாம்னு சொன்னேன்னு மினிட்ஸ்ல எழுதுங்க."

"குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா எழுத்து"ன்னேன். அவ கேக்கலை. ஆடிட்டரு பொங்கல் கையோட நின்னவரு, வாழை எலையக் கீழ வெச்சுட்டுக் கையைக் கழுவிட்டு வந்து எழுதினாரு. அவ படிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டியெடுத்தா.

பொங்கல் கூடச் சாப்புடலைங்க. அவளுக்குப் பிடிக்கும்னு முந்திரி தூக்கலாப் போடச் சொல்லியிருந்தேன். அதுதான் எனக்கு இன்னிக்கும் வருத்தம்.

அதோட விட்டாளா? நேராக் கிட்டுசாமி தோட்டத்துக்குப் போயிட்டா! "ஏனுங் மாமா, கொஞ்ச நாளைக்கு மாடு கன்னுக்குக் கெணத்துத் தண்ணி காட்டாதீங்க, மில்லுத் தண்ணி எறங்குனாலும் எறங்கும்"னு சொல்லிட்டு வந்துட்டா. கெணத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சுட்டுப் போயி எங்கயோ டெஸ்ட்டுக்கு வேற குடுத்திருக்கறா. கூடப் பொறந்தவ பண்ற காரியமா இது? சொல்லுங்க. மில்லுல அவளும் ஒரு டைரக்டரு. தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கறதுங்கறது இதுதானே?

என்ன கேக்கறீங்க? ஆமாங்க, தண்ணி கெட்டுத்தான் போச்சு. கறுப்பா, நொரையா. ஆனா மாடு ஒண்ணும் குடிக்கலை. அவதான் முன்னாடியே சொல்லி வெச்சுட்டாளே.

கிட்டுசாமி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல புகார் குடுத்துட்டான். மில்லுக்கு சீல் வெச்சுட்டாங்க. மூணு டைரக்டருக்கும் தனித்தனியா நோட்டீஸ், கம்பெனிக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணும் புரியலை. வக்கீலைக் கேட்டேன், "ஏனுங்க, தண்ணி விட்டது கம்பெனி, அதுதான் தனி ஆளுன்னு ஆடிட்டரு சொன்னாரே, எங்களுக்கு எதுக்குங்க நோட்டீஸ்?" வக்கீல் சொல்றாரு, "கம்பெனிக்குக் கை காலு கெடையாதுங்க. வால்வைத் தொறக்கச் சொன்ன வாய் உங்குளுது."

அப்பறம் அவரே ஒரு நல்ல சேதியும் சொன்னாரு. டைரக்டருங்க நேர்மையா, நல்லா விசாரிச்சு எடுத்த முடிவு, பின்னாடி தப்பாப் போனாலும் சட்டம் கொஞ்சம் தயவு பாக்குமாமா. எல்லா முடிவும் சரியா வருமான்னு அவங்களுக்கும் தெரியுமில்ல. "அப்ப கவலையே இல்லைங்க, நாங்க ஆத்தாகிட்டயே விசாரிச்சுட்டம்"னேன். அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு இருந்தாரு. சாமி கும்புடறாருன்னு நெனைச்சேன்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. சின்ன வயசு. தங்கமுத்தை மொதல்ல கூப்புட்டாங்க.

"ஓடையில விடலாம்னு ஆரு முடிவு பண்ணுனது?"

"ஆத்தாளுங்க."

"எந்த ஆத்தா? அவங்க பேரு டைரக்டர் லிஸ்ட்டுல இல்லையே?"

இவன் பூக் கேட்ட கதைய ஆதியில இருந்து சொல்றான், கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே. அந்தம்மா பேனாவக் கீழ வெச்சுருச்சு. எங்க வக்கீலைப் பாத்து, "ஏங்க, இது உங்க தரப்பு வாதமா?"ன்னு கேட்டுச்சு. வக்கீல் எந்திரிச்சு, "மேடம், சட்டப்படி சாமி எப்பவும் மைனர். மைனரு டைரக்டராக முடியாது. அதனால அந்தப் பதிலை விட்டுருங்க"ன்னாரு. ஆத்தாளைப் போயி மைனருங்கறாரு! தங்கமுத்து அவருகிட்டச் சண்டைக்கே போயிட்டான்.

எஞ்சினியரைக் கேட்டீங்களா? இல்லீங்க. பக்கத்துக் கெணத்தைப் பாத்தீங்களா? இல்லீங்க. வேற வழி இருக்குதான்னு யோசிச்சீங்களா? இல்லீங்க. இப்படியே போச்சு.

பொறவு என்னைய. நான் வேட்டி சட்டையெல்லாம் புதுசு போட்டுட்டுப் போயிருந்தேன். நல்லா நிமுந்து உக்காந்தேன். "நீங்க சேர்மன். உங்களுக்குன்னு ஒரு கருத்து இருந்துச்சா?"ன்னாங்க. நான் சொன்னேன், "அம்மணி, எனக்குக் கருத்தே கெடையாதுங்க. நான் எதுலயும் தலையிட மாட்டேன். ஒரு காகிதத்தையும் படிச்சதில்லை. காட்டற எடத்துல கையெழுத்துப் போடுவேன். என் கை சுத்தம்."

அந்தம்மா அதை அப்படியே, ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிச்சுங்க. படிச்சு வேற காட்டுச்சு, சரியா இருக்குதான்னு. வேற ஆரு சொன்னதையும் அவ்வளவு அக்கறையா எழுதலை. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பக்கத்துல வக்கீல் என் காலை மிதிச்சுட்டே இருந்தாரு, எடம் பத்தலைன்னு நெனைச்சுக் காலை நகத்திக்கிட்டேன்.

கோகிலாமணிகிட்ட ரொம்பக் கேக்கலை. வேண்டாம்னு சொன்னதைப் பாத்தாங்க, டெஸ்ட்டுக் காகிதத்தைப் பாத்தாங்க. கிட்டுசாமியும் வந்து, "இந்தம்மா சொல்லலைன்னா என் பட்டியே காலிங்க"ன்னுட்டான். அதிகாரியம்மா எங்களைப் பாத்து, "ஒரு மாடு செத்திருந்தாலும் இது வேற கேஸா ஆகியிருக்கும், உங்க தங்கச்சிக்கு நன்றி சொல்லுங்க"ன்னாங்க. பாருங்க, அவங்க வாயாலயே வருது, மாடு சாகலைன்னு. சாகலைன்னா என்ன குத்தம்? அப்பறம் எதுக்கு இவ முன்னாடியே போயி ஊதி விடோணும்? நான் கேக்கறது நாயமா இல்லையா?

கம்பெனிக்கு அபராதம். எனக்கும் தங்கமுத்துக்கும் தனித்தனியா எங்க கையில இருந்தே அபராதம். கிட்டுசாமி கெணத்தை எறைச்சுத் தூர் வாரிக் குடுக்கோணும். அவ பேரை மட்டும் விட்டுட்டாங்க. அண்ணனுங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், அவ மட்டும் அந்தப் பக்கம். ஆபீசை விட்டு வெளிய வாறப்ப அவ என் கையப் புடிக்க வந்தா. நான் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டேன்.

பேங்க்குக்காரங்க, நீங்க ரெண்டு பேரும் டைரக்டர் பதவிய விட்டு எறங்கினாத்தான் கணக்கைத் தொடருவோம்னுட்டாங்க. எறங்கினோம். இப்ப மில்லு அவ கையில. ஓடுதுங்க, நல்லாத்தான் ஓடுது, அதையும் சொல்லிப் போடோணும். பொய் சொல்லப்படாது. தங்கமுத்து இருக்கறானே, சூடு சொரணை இல்லாதவன், அவகிட்டயே மேனேஜரா சம்பளத்துக்குப் போறான். அங்க என்னமோ அவனை எஞ்சினியருங்க கூட உக்கார வெச்சு எல்லாத்தையும் படிக்க வெக்கறாளாமா. "அண்ணா, இப்பத்தான் நம்ம மில்லுல என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியுது"ன்னு எங்கிட்டயே வந்து சிரிச்சுக்கிட்டுச் சொல்றான். போடா வெளியன்னுட்டேன்.

அவளும் வந்தா. போன ஆடிக்கு. இதோ நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா. "அண்ணா, திரும்ப வாங்க. அப்பாருக்கு அப்பறம் அந்த நாற்காலி உங்குளுதுதான். ரெண்டே ரெண்டுதான் கேக்கறேன். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடப்படாது. மாசத்துக்கு ஒருக்கா தொட்டிய நேர்ல வந்து பாக்கோணும்"னா.

எனக்கு வந்துச்சே கோவம்! இவளைத் தோள்ல தூக்கிட்டுத் தேர் பாக்கப் போனவன் நானு. எனக்கு நிபந்தனை போடறா. நான் என்ன மேஸ்திரியா தொட்டியப் பாக்கறதுக்கு, இல்லைப் பள்ளிக்கூடத்துப் பையனா படிச்சு ஒப்பிக்கறதுக்கு? முடியாதுன்னுட்டேன். எந்திரிச்சு உள்ள போயிட்டேன். அவ போயிட்டா. சுலோச்சனா என்கூட ஒரு வாரம் பேசலை. அது நிம்மதியாத்தான் இருந்துச்சு.

ஆனா தம்பி, ஒண்ணு சொல்றேன். பேரு போனது கஷ்டமா இருக்குதுங்க. முன்னெல்லாம் பேக்கரிக்குப் போனா, "சேர்மன் வந்துட்டாரு, நாற்காலிய நகத்து"ம்பாங்க. இப்ப நாற்காலி அங்கயேதான் இருக்குது, ஆரும் நகத்தறதில்லை. பொழுது போகலை. காலையில மில்லுச் சங்கு ஊதுனா எந்திரிச்சுச் சட்டையப் போட்டுக்கறேன், அப்பறம்தான் எங்க போறதுன்னு தோணுது. திரும்பக் கழட்டி மாட்டிப் போடறேன்.

அதுனாலதான் உங்க போன் வந்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோசம். நீங்க கவலையே பட வேண்டாம். நான் கேள்வி கேக்க மாட்டேன். இளநீர் எங்க வாங்கறீங்க, எந்தத் தண்ணியில பாட்டில் கழுவறீங்க, எத்தனை நாளைக்குக் கெடாம இருக்கும், ஒண்ணும் கேக்க மாட்டேன். அதெல்லாம் கோகிலாமணி மாதிரி ஆளுங்க கேக்கறது. அவளையெல்லாம் டைரக்டராப் போட்டீங்கன்னா தொலைஞ்சீங்க. பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்பா. பாதி நாளு உங்க ஷெட்டுலயேதான் நிப்பா. ஒத்துக்கலைன்னா ஒத்துக்கலைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவா, எழுதியும் வாங்கிக்குவா. நல்ல வேளை நீங்க எங்கிட்ட வந்தீங்க.

சொல்லுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?

என்னங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? காப்பி பாதி அப்படியே இருக்குது. பையெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க?

என்னது?

கோகிலாமணி வூடா? அது எதுக்குங்க உங்களுக்கு?

ஓ.

அவளையே டைரக்டராக் கேக்கப் போறீங்க.

சுலோச்சனா, உள்ள என்ன சிரிப்பு?

இல்லை, இல்லைங்க தம்பி, எனக்கென்ன கோவம். நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு. சின்ன வயசு, புதுக் கம்பெனி, உங்களுக்கு எது நல்லதோ அதைத்தானே பாக்கோணும். உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன். வெயில் ஏறிப் போச்சுன்னா அவ சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிருவா.

வூட்டுக்குப் போகாதீங்க, மில்லுக்கே போங்க. ரோட்டுல எறங்கி நேராப் போனா வேப்ப மரத்துக்கு அந்தாண்டை மில்லோட கேட்டு. ஆபீசுல பாக்காதீங்க, இருக்க மாட்டா. பின்னாடி தொட்டிக்கிட்ட நிப்பா. தங்கமுத்தும் அங்கதான் இருப்பான், அவங்கிட்டக் கேட்டாக் கூட்டிட்டுப் போவான். அண்ணன் அனுப்பிச்சாருன்னு சொல்லுங்க. இல்லை, வேண்டாம், சொல்லாதீங்க. சரி, சொல்லுங்க. கேட்டாச் சொல்லுங்க.

அவ ஒடனே ஒத்துக்க மாட்டா தம்பி. காகிதத்தை எல்லாம் வாங்கி வெச்சுக்குவா. ஓரத்துல பென்சில்ல எழுதித் திருப்பி அனுப்புவா. நீங்க பதில் எழுதி அனுப்புனா, அதுக்கும் ஒரு கேள்வி வரும். உங்களுக்கு எரிச்சலா வரும், இந்தம்மா என்னடா நம்மளை நம்பலையேன்னு. அவ கேக்கறது உங்களை நம்பாம இல்லைங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆயிரப்படாதுன்னுதான் கேப்பா.

அதுக்கு நீங்க கோவிச்சுக்காதீங்க. நான் கோவிச்சுக்கிட்டேன்.